அப்ஹாவில் எல்லாக் கதவும் சிவப்பு

என் தங்கை நஸீமா அவளுடைய காக்காவாகிய எனக்கு, அதாவது அண்ணனுக்கு, ஒலிநாடாக் கசட்டில் பேசி அனுப்பியிருந்த முகவரி இவ்வளவுதான்: "பள்ளிக்குப் பக்கத்து ஒழுங்கை காக்கா. சிவப்புக் கதவு. மஞ்சளும் பச்சையுமாக் கீறியிரிக்கும். வந்தாக் கண்டுபிடிச்சிருவீங்க."

கல்முனைக்காரருக்கு இது நிறைவான முகவரி. எங்கள் ஊரில் வீட்டு இலக்கம் என்பது வாக்காளர் இடாப்பில் மட்டும் இருக்கிற சங்கதி. பள்ளிவாசலுக்குப் பின்னால், பெரிய வேம்புக்கு இந்தப் பக்கம், நீலப் படலை என்றால் போதும். கேட்டவர் நேராக வந்து வாசலில் நிற்பார். அந்தப் பழக்கத்தைத் தங்கை பெட்டியில் வைத்து சவூதிக்கும் கொண்டுபோயிருந்தாள். அப்ஹா எத்தனை பெரிய நகரம், அதில் எத்தனை பள்ளிவாசல் என்று அவள் யோசிக்கவில்லை. கசட்டைக் கேட்டபோது நானும் யோசிக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஜித்தாவில் ஒரு பெயின்ற் கொம்பனியின் களஞ்சியத்தில் வேலை பார்த்தேன். நஸீமா தெற்கே, மலைமேல் இருக்கும் அப்ஹாவில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள். ஒப்பந்தம் முடிந்து அவள் ஊர் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. இன்னும் ஒரு வருடம் இருக்கப் போகிறேன் என்று கசட் வந்தது. ஏன் என்று அதில் இல்லை. மறுபக்கம் முழுவதும் அங்கே பெய்யும் மழையைப் பற்றியே பேசியிருந்தாள்.

ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி வைத்திருந்தோம். அடுத்து உம்மாவின் கசட் வந்தது. அதில் மழை இல்லை, இடிதான் இருந்தது. "மாப்பிள்ள வீட்டார் இனி நிக்க மாட்டாங்களாம் மகன். வீடும் முடிஞ்சி போச்சி, வெள்ளை அடிக்கிறதுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மார்க்கட்டடிக் கொமினிகேசன்ல வந்து நிப்பன். மாப்பிள்ளட மாமாவும் வருவார். வாறாளா இல்லியா எண்டு ஒரு சொல்லுச் சொல்லு."

கொமினிகேசன் என்றால் காசு கொடுத்துத் தொலைபேசி பேசும் கடை; அஸர் என்ற பின்னேரத் தொழுகை முடிந்ததும் நான் அங்கே அழைக்க வேண்டும். இங்கே எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். கிழக்கில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது வாப்பாவின் வேலை. எங்கள் வீட்டைப்போல் வாப்பா மௌத்தாகிக் கண்மூடிவிட்டால் காக்காமாரின் வேலை. தங்கைக்கு வீடு கட்டி, அவளைக் கரைசேர்க்கும்வரை காக்கா தன் கலியாணத்தை முடிக்கமாட்டான். எனக்கும் மருதமுனையில் ஒரு பெண் பேசி வைத்திருந்தார்கள். அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். என் தாடியில் வெள்ளை முடி காத்திருக்காமல் வந்துவிட்டது.

ஆகவே அவளைத் தேடிக் கிளம்பிய அந்தப் பயணத்தில் பாசம் பாதி என்றால் எரிச்சல் பாதி. பயமும் இருந்தது. பாஸ்போட்டைப் பிடுங்கி வைத்திருப்பார்களோ, வெளியே விடாமல் பூட்டி வைத்திருப்பார்களோ என்று எல்லாக் கதையும் தலைக்குள் ஓடியது. மலை நகரங்களுக்கு பெயின்ற் ஏற்றிப் போகும் லொறியில், சரக்குக்குப் பொறுப்பாக என்னை அனுப்பச் சொல்லி மனேஜரின் கதவில் நின்றேன். மலை என்றால் எல்லோருக்கும் தலைவலி, கேட்டவனுக்கே கொடுத்துவிட்டார்.

சாரதி குல்கான் பாகிஸ்தானின் மலைப்பக்கத்துப் பட்டாணியன். பெரிய மீசை, சின்னக் குரல். அரபியும் உருதுவும் கலந்த எங்கள் லொறிப் பாஷையில் அவன் முதலில் சொன்னது: "சிலோன், பள்ளத்தைப் பார்க்காதே. என் மீசையைப் பார்."

நான் பள்ளத்தைத்தான் பார்த்தேன். கல்முனையில் பிறந்தவனுக்கு உயரம் என்றால் தென்னை மரம். கிழக்கே கடல், மேற்கே நற்பிட்டிமுனைக்கும் சொறிக்கல்முனைக்கும் அப்பாலும் வயல், எல்லாமே தட்டையாக ஒரு பாயை விரித்ததுபோல் கிடக்கும். தாயிப் மலைப்பாதையில் லொறி ஏறியபோது காது அடைத்தது. வளைவுகளில் குரங்குக் கூட்டங்கள் குந்தியிருந்தன. கிழட்டு ஆண் குரங்கொன்று, தோளில் போர்வை போட்ட ஊர்ப் பெரியவர் மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தது. குல்கான் அதற்கு சலாம் சொன்னான்.

தாயிபில் சரக்கு இறக்க நேரமெடுத்தது. கடைக்காரன் தொழுகைக்குப் பூட்டினான், திறந்தான், தேநீர் குடித்தான், மறுபடி பூட்டினான். எனக்கு உட்கார முடியவில்லை. தெருவில் இறங்கி நடந்தேன்.

அப்போதுதான் கதவுகளைக் கவனிக்கத் தொடங்கினேன். ஜித்தாவிலும் இரும்புக் கதவுகள் உண்டு, ஆனால் தூசியும் உப்புக்காற்றும் தின்றவை. இங்கே ஒவ்வொரு மதிலிலும் இரட்டைக் கதவு. ஒவ்வொன்றிலும் சாய்சதுரம், சூரியன், அம்புக்குறி, பூச்சாடி. மதில்களில் யாரோ ரோஜாப் பூக்களை வரைந்திருந்தார்கள். ஒரு கராஜின் சுவரில் தூர தேசம் போய் வந்த வீட்டுக்காரர் விமானமும் கப்பலும் வரைவித்திருந்தார். கப்பலைவிட விமானம் சிறியது.

சுவரில் எழுத்தையோ நிறத்தையோ கண்டால் நடையைக் கூட்டுவது என் உடம்பில் ஊறிய பழக்கம். போர் நடந்த அந்த நாட்களில் எங்கள் ஊர்ச் சுவரில் இரவில் எழுதப்பட்டது காலையில் யாரையோ தேடி வரும். காலையில் தார் பூசி அழிப்பார்கள். அழித்தது யார் என்று மறுநாள் கேள்வி வரும். கல்முனைக்கும் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புக்கும் இடையில் ஒரு நடைதான் தூரம், ஆனாலும் சுவரைப் படித்துவிட்டே அந்தப் பக்கம் போவதா திரும்புவதா என்று முடிவெடுப்போம். அதனால் தாயிபின் ஒழுங்கைகளில் நான் கால் கூசியபடியே நடந்தேன். ஒரு ரோஜாவின் முன்னால் நின்று, இதில் பயப்பட எதுவுமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலைச் சாப்பாடு ஈரல் வறுவலும், வண்டிச் சில்லு அளவு தமீஸ் ரொட்டியும். ஆப்கானி ஒருவன் அடுப்புக் குழிக்குள் தலையை விட்டு எடுத்துக் கொடுத்தான். பக்கத்து மேசையில் இரண்டு கிழவர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். "உன் கதவு என் கதவைப் பார்த்து அடித்தது." "உன் கதவு என் மாமனாரின் கதவைப் பார்த்து அடித்தது." குல்கான் அதை எனக்கு மொழிபெயர்த்துவிட்டு, தன் ஊரில் லொறிகளைத்தான் இப்படி வரைவார்கள், கதவுக்கு யாரும் இத்தனை செலவழிப்பதில்லை என்றான்.

அன்றே பாஹாவை நோக்கிப் போனோம். பாதையோரத்தில் கல்லால் கட்டிய பழைய கோபுரங்கள், அவற்றின் உச்சியில் வெள்ளைக் கற்களைப் பதித்து முக்கோணக் கோலம். இறங்கிப் பார்க்க ஆசைதான். ஆனால் நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. "போ, போ" என்று நான் குல்கானை விரட்டிக்கொண்டிருந்தேன். அவன் மீசையைத் தடவிக்கொண்டு நிதானமாகவே ஓட்டினான்.

மூடுபனி இறங்கியது. எதிரே எதுவோ குறுக்கே ஓட, குல்கான் பிரேக்கை அழுத்தினான். பின்னால் தகரங்கள் சரியும் சத்தம். பெரிதாக ஒன்றும் இருக்காது என்று ஓட்டினோம். கொஞ்சத் தூரத்தில் பொலிஸ் காவலரண். இளம் பொலிஸ்காரன் ஒருவன் ரோச் லைட்டை லொறியின் அடியில் பிடித்தான். அடித்தட்டிலிருந்து சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வந்த பாதையிலும் நீளத்துக்குச் சொட்டியிருந்தது.

அவன் பின்னால் நகர்ந்து துப்பாக்கியில் கைவைத்தான். லொறியிலிருந்து சிவப்பு ஒழுகினால் எங்கள் ஊரில் யாரும் பெயின்ற் என்று நினைக்கமாட்டார்கள். நான் கையைத் தூக்கியபடி, அடையாள அட்டையை நீட்டியபடி, தமிழில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். குல்கான் இறங்கிப்போய் அந்தச் சொட்டில் விரலைத் தோய்த்து, தன் மீசையின் ஒரு நுனியில் பூசிக்காட்டினான். பொலிஸ்காரன் சிரித்துவிட்டான். சிரித்தாலும் சட்டம் சட்டம்தான். முழுச் சரக்கையும் இறக்கி எண்ணிக் காட்டச் சொன்னான். இறக்கி, துடைத்து, மறுபடி ஏற்றுவதற்குள் பகல் போய்விட்டது.

காவலரணுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. கோதுமைக் களி, நடுவில் குழி, குழியில் நெய்யும் தேனும். அஸீதா என்றார்கள். சுடச்சுடக் கையால் பிய்த்துத் தின்ன வேண்டும். நல்ல சாப்பாடுதான். ஆனால் எனக்கு ஒவ்வொரு வாயும் நேரத்தைத் தின்பதாகப் பட்டது. "நாளைக்கு அப்ஹா போய்ச் சேர்வோமா?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். குல்கான் சொன்னான்: "தங்கை எங்கும் ஓடமாட்டாள். நீதான் ஓடிக்கொண்டிருக்கிறாய்." அவனை லொறியிலிருந்து தள்ளிவிட வேண்டும் போல் கோபம் வந்தது.

வியாழன் பின்னேரம் அப்ஹாவுக்குள் நுழைந்தோம். முகில் தெருவில் நடந்துகொண்டிருந்தது. சவூதியில் குளிருக்குக் கையைத் தேய்ப்பேன் என்று ஜித்தாவில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். சரக்கைக் கடையில் இறக்கும் வேலையைக் குல்கானிடம் விட்டுவிட்டு, பள்ளிவாசலின் மினாரத்தைக் குறிவைத்து நடந்தேன்.

பள்ளிக்குப் பக்கத்தில் ஒழுங்கை இருந்தது. ஒழுங்கையில் சிவப்புக் கதவு இருந்தது. அதில் மஞ்சளும் பச்சையும் இருந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று தட்டப்போனேன். அடுத்த கதவும் சிவப்பு. எதிர்க் கதவும் சிவப்பு. ஒழுங்கையின் கோடிவரை சிவப்பு. அடுத்த ஒழுங்கை, அடுத்த பள்ளி, அதன் அடுத்த ஒழுங்கை என்று ஓடினேன். அந்த ஊர்ப் பெண்கள் வீட்டுக்குள் விருந்தறைச் சுவர்களில் வரைகிற கோலங்களாம் அவை. கோடும் முக்கோணமும் புள்ளியும். அது வெளியே கதவுக்கும் மதிலுக்கும், நகரசபைச் சுவருக்கும்கூடப் பரவிவிட்டது. சிவப்பு இல்லாத கதவைத் தேடுவதுதான் கஷ்டம்.

அந்தச் சிவப்பை எனக்குத் தெரியும். எங்கள் களஞ்சியத்தின் இடப்பக்க அடுக்கில் இருக்கும் சிவப்பு. மலைக்கு ஏன் இவ்வளவு சிவப்பு கேட்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் வியந்தபடி நானே ஏற்றி அனுப்பியது. அத்தனை சிவப்பும் சேர்ந்து இப்போது என் தங்கையை ஒளித்து வைத்திருந்தது.

தட்டிய வீடுகளில் நடந்ததைச் சொன்னால் வெட்கம். ஒரு கதவில் நாய். ஒரு கதவில் மகன் என்று நினைத்துத் திறந்த பெரியவர் என்னைக் கண்டு ஏமாந்துபோனார். இன்னொருவர் பொறுமையாகக் கேட்டார்: "யார் வீடு தேடுகிறாய்?" "சிவப்புக் கதவு வீடு." "வீட்டுக்காரர் பெயர்?" நஸீமா அவரைக் கசட்டில் 'வாத்தியார்' என்றுதான் சொல்லியிருந்தாள். அதையும் சொன்னேன். மனிதர் தெருவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "தம்பி, இந்தத் தெருவில் பாதிப் பேர் வாத்தியார்" என்றார். ஆலங்கட்டி மழை கொட்டத் தொடங்கியது. ஒரு கடையின் தகரத்தின் கீழ் ஒதுங்கி நின்றேன். அழுகை வந்தது. குளிரால் என்று வைத்துக்கொண்டேன்.

வெள்ளி காலை சுபஹு தொழுதுவிட்டு மறுபடி இறங்கினேன். இந்த முறை ஓடவில்லை. ஓடுவதற்குக் காலில் பலமில்லை. ஒவ்வொரு கதவையும் நின்று பார்த்தேன். அப்படிப் பார்க்கத் தொடங்கியபிறகு அவை ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் கோடு நேர், ஒன்றில் கை நடுங்கியிருந்தது. ஒன்றில் பழைய நிறத்தின் மேல் அவசரமாகப் புது நிறம். ஒரு மதிலில் யாரோ பெண் தன் உயரத்துக்கு எட்டியவரை வரைந்து, அதற்கு மேல் விட்டிருந்தாள்.

ஏற்றமான ஒரு ஒழுங்கையில், சின்னப் பள்ளி ஒன்றைத் தாண்டி, ஒரு கதவின் முன் கால் தானாக நின்றது. நடுவில் அந்த ஊர் முக்கோணங்கள்தான். ஆனால் ஓரம் வேறு. சிவப்பும் பச்சையும் மாறி மாறி, படிக்கட்டுப் போல ஏறி இறங்கும் கோடு. எங்கள் வீட்டில் நான் படுத்துப் புரண்ட பாயின் ஓரம். உம்மா பன்புல்லைச் சாயத்தில் அவித்து இழைக்கும் பாய். நான் சட்டென்று குனிந்து கதவின் கீழ் மூலையைப் பார்த்தேன். அங்கே ஒரு சின்னக் கட்டம் நிறமில்லாமல் வெறும் இரும்பாக இருந்தது.

ஒருமுறை சாயம் போதாமல் உம்மா ஒரு பாயின் மூலையை அப்படியே விட்டா. அந்தப் பாய் முதலில் விலைபோனது. அன்றிலிருந்து சாயம் மிஞ்சினாலும் மூலையை விடுவா. கல்முனைச் சந்தையில் அது உம்மாவின் பாய்க்கு அடையாளம். அப்ஹாவில் அந்த மூலையை விடுவதற்கு ஓராள்தான் இருக்கமுடியும்.

கதவைத் தட்டினேன். திறந்தவர் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், வாத்தியாராகத்தான் இருக்கவேண்டும். நான் வழிநெடுக மனப்பாடம் செய்த சண்டை அரபியை எடுத்துவிட்டேன். பாஸ்போட் எங்கே, தங்கை எங்கே, ஒப்பந்தம் முடிந்துவிட்டது, எனக்கு எல்லாம் தெரியும். அவர் முழுவதையும் கேட்டார். "நீ அவள் அண்ணன் என்பதற்கு என்ன சாட்சி?" என்று அமைதியாகக் கேட்டார். என்னிடம் சாட்சி இல்லை. அவர் உள்ளே போய், முற்றத்துக் கதவை ஒருக்களித்து வைத்தார். கதவுக்குப் பின்னாலிருந்து நஸீமாவின் குரல் வந்தது.

"எங்கட கிணத்துக்குள்ள விழுந்த ஆர்?"

"ஒன்ட ஆடு."

"தூக்கின ஆர்?"

"நான் இறங்கி, நானும் ஏற ஏலாம நிண்டு, மறுகா ரெண்டு பேரையும் ஊராக்கள் தூக்கின."

உள்ளே இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. வாத்தியாரும் சிரித்தார், என்ன என்று விளங்காமலே.

நஸீமா வந்தாள். பூட்டி வைத்த பெண்ணின் முகம் அல்ல அது. கன்னத்தில் சதை வைத்திருந்தாள். நகத்துக்கடியில் மஞ்சள் பெயின்ற். என் கையைப் பிடித்து முத்தமிட்டவள், "ஏன் காக்கா இவ்வளவு மெலிஞ்சி போயிட்டீங்க?" என்றாள். தேடி வந்த கோபமெல்லாம் ஒரு கணம் எங்கோ போய்விட்டது.

வாத்தியார் ஏலக்காய்க் கோப்பியும் ஈச்சம்பழமும் வைத்தார். அவர் மனைவியும் நஸீமாவும் சேர்ந்து கதவைக் கழற்றி முற்றத்தில் சாய்த்து வைத்து வரைந்தார்களாம். காயும்வரை வாசலில் இவர்தான் நாற்காலி போட்டுக் காவல் இருந்தாராம். "போவோர் வருவோரெல்லாம் என் கதவு எங்கே என்று கேட்டார்கள். என் மனைவியிடம் போய்க் கேளுங்கள் என்றேன்" என்றார். பாஸ்போட்டையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இன்னொரு வருடம் கேட்டது அவள். நாங்கள் இருமுறை கேட்டு உறுதிசெய்தோம். நீ கூட்டிப்போவதென்றால் இன்றைக்கே கூட்டிப்போகலாம். அவள் வருவதாகச் சொன்னால்." சொல்லிவிட்டு ஜும்ஆவுக்குக் குளிக்கப் போய்விட்டார்.

"ஏன் வரமாட்டாய்?" என்று கேட்டேன். அவள் என்னை விருந்தறைக்குக் கூட்டிப்போனாள். மூன்று சுவர் முழுவதும் நிறம். அரைவாசி அந்த ஊர்க் கோலம், அரைவாசி எங்கள் பாய். நான்காம் சுவரில் பென்சில் கோடு மட்டும்.

"நல்லாத்தான் இரிக்கி. அங்க ஒனக்கு ஒரு வீடே கட்டிக் கிடக்கு. அத விட்டிட்டு ஆர்ரயோ சுவருல கீறிக்கிட்டு இரிக்கிற?"

"ஆருக்குக் கட்டின வீடு காக்கா அது?"

"ஒனக்குத்தான். வேற ஆருக்கு?"

"எத்தின அறை?"

"மூணு."

"சன்னல் எந்தப் பக்கம்?"

சன்னல் எந்தப் பக்கம் என்று மேசனும் உம்மாவும் நானும் கசட்டில் பேசி முடிவெடுத்திருந்தோம். ஒரு கசட்கூட அவளுக்குப் போகவில்லை.

"முன்னுக்குக் கடையறை ஒண்டு வெச்சிரிக்கீங்களாமே. நான் சமைக்கிற குசினியப் பின்னுக்குத் தள்ளிட்டீங்களாமே. பக்கத்து வீட்டு றினோஸா கசட்ல சொன்ன. மாப்பிள்ளைக்கு யாவாரம் செய்யிறதுக்காம்."

"அவங்க கேட்டாங்க..."

"வீடு பாக்க மூணு தரம் வந்தாங்களாம். என்னப் பத்தி என்ன கேட்டாங்க காக்கா? என்ட பேரையாவது ஒழுங்காச் சொன்னாங்களா?"

கோபம் திரும்பி வந்தது. "ஒன்னால நான் கிழவனாகிக் கொண்டு இரிக்கன். மருதமுனையில ஒருத்தி எனக்காகக் குந்திக்கிட்டு இரிக்கா. ஒனக்கு அது தெரியுமா?" என்று கத்தினேன். உள்ளே கிண்ணம் கழுவும் சத்தம் நின்றது.

அவள் கத்தவில்லை. நிலத்தில் குந்தி, தூரிகையை எடுத்துத் துணியில் துடைத்தாள். "தெரியும். ஒவ்வொரு நாளும் நினைக்கிறன். நீங்க எனக்காகக் கலியாணம் முடிக்காம நிக்கிற பாரத்துலதான் கொன்றக்ட் முடியக்குள்ள டிக்கட் எடுக்கப் போனன். மறுகா யோசிச்சன். இந்த வீட்டாக்கள் ஒரு கதவுக்கு நிறம் பூச என்னக் கேட்டாங்க காக்கா. எந்த நிறம் நல்லம் எண்டு. எனக்கு எண்டு ஊரில ஒரு வீடு எழும்புது, அதுக்கு ஒருத்தரும் என்னக் கேக்கல்ல. நான் ஊருக்கு வருவன். இந்தச் சுவர முடிச்சிட்டு வருவன். கூடிப்போனா அந்த ஒரு வருசம். ஆனா அந்த மாப்பிள்ளைக்கு வரமாட்டன். நீங்க எனக்காக நிக்காதீங்க. முடிங்க. காக்கா முந்தி முடிச்சா ஊர் ஒண்டும் கடலுக்குள்ள போயிராது."

நான் எழும்பி வந்துவிட்டேன். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. வாசலில் அவள் ஓடி வந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். வழியில் தின்ன ரொட்டி, மாசிக்கருவாட்டுச் சம்பல் வாசம். அப்ஹாவில் மாசி எங்கே கிடைத்தது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

ஜும்ஆத் தொழுகையில் குத்பாப் பிரசங்கம் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. உம்மாவிடம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். "அடுத்த மாதம் வாறாள்" என்று ஒரு பொய்யைச் சொன்னால் மாப்பிள்ளை நிற்பார். மாப்பிள்ளை நின்றால் பெரியவர்களைக் கூட்டி அவளைச் சம்மதிக்க வைக்கலாம். அவள் சம்மதித்தால் நான் முடிக்கலாம். எல்லாம் ஒரு சொல்லில் இருந்தது. அந்தச் சொல் வாய்க்குள் தயாராக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

ஊரில் அப்போது அஸர் முடிந்திருக்கும். தொலைபேசிக் கூடத்தில் வரிசை. எனக்கு முன்னால் ஒரு மிஸ்ரி, எகிப்துக்காரன், தன் பிள்ளைக்குத் தாலாட்டே பாடிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு வெளியே எதிர்ச் சுவர் தெரிந்தது. நகரசபை வரைவித்த கோலம், பாதியில் நின்றிருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் வரைபவர் ஏணியைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். ஏணியில் சட்டி தொங்கியது. எங்கள் சிவப்பு. அவர் வரும்வரை அந்தச் சுவரில் யாரும் கைவைக்கப் போவதில்லை, சட்டியைக்கூட யாரும் தொடவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் முறை வந்தது.

கல்முனை கிடைத்தது. இரைச்சலுக்குள் உம்மா.

"மகன்! கண்டியா அவள? நல்லாரிக்காளா? அடிகிடி பட்டிரிக்காளா?"

"நல்லாரிக்கா உம்மா. கன்னம் வெச்சிரிக்கா."

"எப்ப வாறாளாம்? இஞ்ச மாப்பிள்ளட மாமா பக்கத்துல நிக்கார். வெள்ளை அடிக்கிற ஆளும் சுண்ணாம்போட வளவுக்குள்ள நிக்கி."

"அவ இந்தக் கலியாணத்துக்கு வரமாட்டா உம்மா. மாப்பிள்ளைக்கு வேற இடம் பாக்கச் சொல்லுங்க."

உம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டா: "ஒன்ட கதி என்ன மகன்?"

"என்டத மறுகா கதைப்பம். இப்ப ஒண்டு சொல்லுறன் கேளுங்க. இந்த ஊரு முழுக்கச் சிவப்புக் கதவு. நேத்துப் பின்னேரம் முழுக்கத் தேடி ஏலாமப் போச்சி. இண்டைக்கு ஒரு கதவில ஒங்கட பாய்ர ஓரத்தக் கண்டன்."

"என்ன?"

"பாய் உம்மா. பாய்ர கோலம். அவதான் கீறியிரிக்கா."

உம்மாவின் குரல் கிட்ட வந்தது. "மூலைய விட்டிரிக்காளா?"

"ஓம். விட்டிரிக்கா."

"சாயம் முடிஞ்சி போச்சாமா?"

"இல்ல. சாயம் மிச்சம் இரிக்கி."

பக்கத்தில் ஒரு ஆண் குரல், என்னவாம், என்ன முடிவாம் என்று கேட்டது. உம்மா வாய்க்குழலைப் பொத்தவில்லை. அந்த மனிதருக்குச் சொன்னது எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"கோவிச்சிக்கிடாதீங்க. சுண்ணாம்பு ஆளத் திருப்பி அனுப்பப் போறன். கடையறைய உடைக்கிறதா வெக்கிறதா எண்டும் அவளக் கேட்டுத்தான் செய்யோணும். வீட்டுக்காரி இன்னும் வரல்ல."